கட்டுரையில் வந்த ஏரி

எட்டுநாழி என்ற ஊரில் ஏரி இருந்ததில்லை, கண்மாய் இருந்ததில்லை, மழை பெய்த மறுநாள் ஒரு தவளை உட்காரும் அளவுக்குக்கூட எந்தப் பள்ளமும் நிலைத்து நின்றதில்லை. விருதுநகருக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே கரிசல் வெடித்துக் கிடக்கும் அந்தச் சின்ன டவுனில், தண்ணீர் லாரியில் வரும், பிளாஸ்டிக் தொட்டியில் நிற்கும், அந்தத் தொட்டியைச் செண்பகராஜன் விற்பார்; தண்ணீரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, செண்பகராஜனின் மனைவி சண்முகவடிவு தன் வீட்டுப் பின்கதவைத் திறந்தபோது, சீமைக்கருவேலங்காடு இருந்த இடத்தில் அக்கரை மங்கலாகத் தெரியும்படி ஓர் ஏரி கிடந்தது. அவள் முதலில் கொடியில் காயப்போட்ட துணி நனைந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள். நனையவில்லை. பிறகு உள்ளே போய்க் கணவரை எழுப்பி, "என்னங்க, அந்த ஆளு எழுதுனது வந்துருச்சு" என்றாள்.

அந்த ஆள் என்று அவள் சொன்னது மதுரையில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையத்தில் கட்டுரை எழுதும் ஜெயசீலனை. அமெரிக்காவில் பட்டப்படிப்பு படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளை, தான் யார், ஏன் படிக்க வருகிறேன், படித்து முடித்து என்ன செய்வேன் என்று ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். அதைப் பிள்ளை எழுதாமல் ஜெயசீலன் எழுதுவார் என்பது இந்த நாட்டு வழக்கம். இளமையில் யாரும் வாசிக்காத இரண்டு நாவல்களை எழுதியவர் அவர். இப்போது வருஷத்துக்கு நூறு பிள்ளைகளின் பால்யத்தை எழுதினார், அவை ஒவ்வொன்றும் கடல் தாண்டிப் போய் வாசிக்கப்பட்டன, ஆகவே அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. செண்பகராஜனும் சண்முகவடிவும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கள் ஒரே மகள் நிறைமதியைக் கூட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தபோது, அவர் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஊர்ல ஏரி இருக்கா, அண்ணாச்சி?"

"வாளி இருக்கு" என்றார் செண்பகராஜன்.

"பரவாயில்ல, ஏரின்னே வச்சுக்கிடுவோம். பாப்பா என்ன படிக்கணும்?"

"கணக்கு" என்றாள் நிறைமதி.

"கணக்குக்கு உதவித்தொகை கிடைக்காதும்மா. கணக்கு எல்லா ஊர்லயும் போடுறாங்க. ஏரியக் காப்பாத்துற பிள்ளைக்குன்னா கிடைக்கும். சுற்றுச்சூழல்னு போட்டுருவோம்."

"எனக்குத் தண்ணின்னாலே பயம், சார்."

"அது கட்டுரையில தெரியாது." அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "வீட்டுல யாராவது இறந்துருக்காங்களா?"

"எதுக்குக் கேக்கிய?"

"ஒரு சாவு இருந்தா நல்லது, அண்ணாச்சி. சாவு இல்லாத கட்டுரைய அங்க முதல் பத்தியத் தாண்டி வாசிக்க மாட்டாங்க."

"எங்க அப்பா போயிட்டாரு. சர்க்கரை."

"சர்க்கரை எல்லாருக்கும்தான் வருது. தண்ணியில போனாருன்னு வப்போம். படகு ஓட்டுனாரு, பேத்திக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தாரு, ஒரு புயல்ல போயிட்டாரு."

"அவரு குளிக்கதுக்கே ரெண்டு நாளு யோசிப்பாரு, சார்" என்றார் செண்பகராஜன். ஆனால் அதற்குள் அவருடைய அப்பா முழுகிப்போயிருந்தார்.

கட்டுரை வந்தது. சண்முகவடிவு எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் கடைசிப் பக்கம்வரை வாசிக்காமல் விடமாட்டாள். வீட்டுக்குப் பின்னால் ஏரி, குளிர்காலத்தில் வரும் பூநாரைகள், தாத்தா, புயல், சிறு வயதிலேயே நிறைமதி தெருப் பெண்களைத் திரட்டி ஏரியைச் சுத்தம் செய்தது என்று எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, கடைசி வரியில் விரலை வைத்து நின்றாள். 'என் படிப்பு முடிந்ததும் இதே கரைக்குத் திரும்பி வந்து இங்கேயே வாழ்வேன்' என்று இருந்தது.

"இது எதுக்கு, சார்?"

"அது விசாவுக்கு மேடம். திரும்பி வருவேன்னு சொல்லாத பிள்ளைய யாரு உள்ள விடுவா? எல்லாரும் எழுதுறதுதான். யாரும் வர்றதில்ல."

பல்கலைக்கழகம் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக வியாழக்கிழமை பதில் வந்தது. வெள்ளிக்கிழமை ஏரி வந்தது.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தைக் கண்மாய் என்போம், குளம் என்போம், ஊருணி என்போம். ஏரி என்பது வடக்கே செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்கள் பேச்சு. ஆனால் கண்மாய் என்றால் அதற்கு நீர் வரும் கால்வாய் ஒன்று வேண்டும், மடை வேண்டும், பராமரிக்காத பொதுப்பணித்துறை ஒன்று வேண்டும். இதற்கு எதுவும் இல்லை. ஆகவே இரண்டு நாள் விவாதத்துக்குப் பிறகு ஏரி என்றே அழைப்பதென்று முடிவானது, மூன்றாம் நாள் அதில் எருமை இறங்கியது. கிராம நிர்வாக அலுவலர் வரைபடத்தை விரித்துப் பார்த்து, அரசுப் பதிவின்படி இங்கே ஏரி இல்லை, ஆகவே யாரும் ஏரியை ஆக்கிரமிக்கவும் இல்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். அடுத்த மாதம் வந்து விரித்தபோது வரைபடத்தில் ஏரி இருந்தது, வெள்ளைக்காரன் காலத்து சர்வே எண்ணோடு இருந்தது, ஆகவே கரையோரத்து ஆறு வீடுகளுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுத்தார்.

மார்கழியில் பூநாரைகள் வந்தன. பூநாரை முழங்கால் ஆழத்துக்கு மேல் நிற்காத பறவை, அதுவும் உப்பு கலந்த தண்ணீரை விரும்புவது. ஜெயசீலனோ அந்த விவரம் தெரியாமல், அதே ஏரியில் ஒரு பெரியவரைப் படகோடு மூழ்கடித்திருந்தார். ஏரி இரண்டு பேருக்கும் விட்டுக்கொடுத்தது. பறவைகள் முழங்காலளவு நின்று கொத்திக்கொண்டிருக்கும் இடத்தில் பையன்கள் தலைகீழாகக் குதித்து ஆழம் போதும் என்றார்கள், எருமைகளுக்கு உப்புக் கரித்தது, குடத்தில் மொண்டால் இனித்தது.

தெருப் பெண்கள் எல்லாரும் ஒரு காலையில் பல வருஷமாக ஏரியைச் சுத்தம் செய்த ஞாபகத்தோடும் அதற்குரிய இடுப்பு வலியோடும் எழுந்தார்கள். அவர்களுக்குத் தலைவி என்று தன்னை ஞாபகம் வைத்திருந்த ராஜகனி நேராக நகராட்சிக்குப் போய், "இம்புட்டு வருசம் அள்ளுனோம், ஒரு சான்றிதழ் உண்டா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். செண்பகராஜன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அவருடைய அப்பாவின் படத்தில் தலைமுடி நனைந்து, சட்டத்தின் கீழ் மூலையிலிருந்து சொட்டத் தொடங்கியது; சண்முகவடிவு அடியில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்தாள். அந்தக் கிழவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போன நால்வருமே, புயலில் மூழ்கி மூழ்கித் தேடிய கதையை டீக்கடையில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். செண்பகராஜன் மட்டும், "எங்கப்பா படகப் பாத்ததே காலண்டர்லதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை, துக்கத்தில் மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்றார்கள். தொட்டி வாங்கவும் ஆள் வரவில்லை. கடையில் நின்ற கறுப்புத் தொட்டிகளைக் குறுக்கே அறுத்து, துடுப்பு ஒன்று சேர்த்து, பரிசல் என்று வாடகைக்கு விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாத்தூரிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

நிறைமதி பின்கதவுப் பக்கமே போகாமல் பெட்டி கட்டி, ஆடி மாதக் கடைசியில் விமானம் ஏறினாள். அமெரிக்காவின் நடுவில் சோளக்காடுகளால் சூழப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தில், ஏரிகளைப் பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியர் அவளுடைய கட்டுரையை வகுப்பில் வாசித்துக் கண் கலங்கினார், பூநாரையைப் பற்றி இன்னும் சொல் என்று கேட்டார், வகுப்பு முழுவதையும் ஒரு நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போய் இவளை முதலில் இறக்கினார். கட்டுரைப்படி அவள் கைகால்கள் அழகாக நீந்தின. அவள் மட்டும் கரை வந்து சேரும்வரை உள்ளுக்குள் அலறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இங்க நடுவுல பாடத்த மாத்திக்கிடலாமாம்" என்று போனில் சொன்னாள். "நான் கணக்குக்கு மாறிக்கிடுதேன்."

"உதவித்தொகை?"

"அது அப்படியே இருக்குமாம். அந்தப் பேராசிரியர்தான் ரெண்டு நாளு சாப்பிடலியாம்."

கணக்குப் பாடத்தில் அவள் கொடிகட்டிப் பறந்தாள். பாத்திரம் தேய்த்தாள், பனியில் வழுக்கி விழுந்தாள், ரசத்தைக் கெடுத்து அதற்கு வேறு பெயர் வைத்து அறைத்தோழிகளுக்குப் பரிமாறினாள். நான்காம் வருஷம் முடிவதற்குள், வடக்கே இன்னொரு பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்துக்கு அவளை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. செண்பகராஜன் இதை ஊர் முழுக்கச் சொன்னார். சண்முகவடிவு யாரிடமும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து கட்டுரையை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுனதெல்லாம் ஒண்ணு விடாம வந்துருக்கு. இன்னும் ஒரு வரிதான் பாக்கி."

அவர் கடைசி வரியைப் பார்த்தார். "வரட்டுமே. பிள்ளை வீட்டுக்கு வர்றதுல உனக்கு என்ன?"

"எனக்கு ஆசைதான். அவளுக்கு?" என்றாள் சண்முகவடிவு.

பட்டமளிப்பு விழா முடிந்த மறுநாள், நிறைமதி இரண்டு பெட்டிகளோடு வடக்கே போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் சோளக்காட்டுக்குள் போனது. போகப்போகச் சோளத்தின் உயரம் குறைந்தது, பிறகு கம்பு ஆனது, கம்பு பருத்தி ஆனது, பருத்தி கருவேலமரம் ஆனது, முன்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி இறங்கிப்போய் அந்த இடத்தில் கோழிக்கூடையோடு வேறொருத்தி உட்கார்ந்தாள், கண்டக்டர் விசிலை ஊதி, "எட்டுநாழி எல்லாம் எறங்கு" என்றார். நிறைமதி பெட்டிகளோடு இறங்கினாள். அவளுடைய பாஸ்போர்ட்டில் எல்லா முத்திரைகளும் முறைப்படி இருந்தன.

ஊர் பேனர் கட்டி வரவேற்றது. படித்து முடித்துச் சொன்ன சொல்லுக்குத் திரும்பி வந்த முதல் பிள்ளை என்று நகராட்சித் தலைவர் சால்வை போர்த்தினார். மறுநாளே அவள் மதுரை பஸ்ஸில் ஏறினாள். அருப்புக்கோட்டை விலக்கில் திரும்பிய பஸ் ஏரிக்கரையில் வந்து நின்றது. தூத்துக்குடி பஸ்ஸும் அங்கேதான் வந்து நின்றது. வாடகைக் கார் பிடித்தாள், டிரைவர் ஏரிக்கரையில் காரை நிறுத்தி, "எனக்கும் இதான் வழின்னு தோணுச்சு, மேடம்" என்றார். பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் தொந்தரவாக நினைக்கவில்லை, பஸ் சுற்றிவரும்போது ஓசியில் ஏரியைப் பார்த்தார்கள். அவளுக்கு ஆவணி மாதம் வகுப்பு தொடங்கிவிடும். அதற்குள் போகாவிட்டால் இடம் போய்விடும்.

அப்போதுதான் அந்த வடக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. நீங்கள் ஏரியிலிருந்து கணக்குக்கு மாறியிருக்கிறீர்கள், ஆகவே புதிதாக ஒரு கட்டுரை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். நிறைமதி வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதத் தொடங்கிய செய்தி ஊருக்குள் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாசலில் செருப்புகள் சேர்ந்தன.

"தாயி, நம்மூர்ல ரயில் நிக்கும்னு ஒரு வரி போட்டுரு."

"எனக்கு மூட்டுவலி இருந்ததே இல்லைன்னு எழுது. ஒரு வரிதான்."

"எம் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனவ திரும்பி வந்தாச்சுன்னு எழுது, மதி" என்றார் டீக்கடை வேலுச்சாமி.

"அவ பின்னாலதான்யா நிக்கா" என்று யாரோ சொன்னார்கள்.

"அப்ப, வந்தவ கொஞ்சம் அமைதியா இருந்தான்னு எழுது."

எல்லாரும் சிரித்தபோது ராஜகனி மட்டும் சிரிக்காமல் நின்றாள். "நீ போவணும்னா போ. உன்னயக் கட்டிப் போட நாங்க யாரு? ஆனா ஏரிய அழிச்சிராத. எம் மக தண்ணி லாரிக்குப் பின்னால குடத்தத் தூக்கிட்டு ஓடி ரெண்டு பல்லு போச்சு. இப்பப் பின்கதவத் தொறந்தா தண்ணி. எனக்கு ரயிலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

நிறைமதிக்குப் பேனா ஓடவில்லை. பழைய கட்டுரை பொய் என்று எழுதினால் ஏரி போய்விடும். உண்மை என்று எழுதினால் அவள் இங்கேயே வாழ வேண்டும். ஜெயசீலனுக்குப் போன் போட்டாள். அவர் மறுநாள் பரிசலில் ஏறி ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தன் நாவல்களுக்கு நேராத ஒன்றைப் பார்த்த முகத்தோடு ஈரவேட்டியுடன் வீட்டுக்குள் வந்தார்.

"பூநாரை விஷயம் எனக்குத் தெரியாமப்போச்சு" என்றார் முதலில். பிறகு அவளுடைய வெள்ளைத் தாளைப் பார்த்தார். "நான் எழுதித் தரட்டுமா?"

"வேண்டாம், சார். ஒரு தடவ நீங்க எழுதுனதுக்கே வீட்டுல தண்ணி சொட்டுது. யோசனை மட்டும் சொல்லுங்க."

அவர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதாம்மா. ஒரு சாவு வேணும்."

நிறைமதி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து எழுதினாள், ஒரே மூச்சில் எழுதினாள், சுருக்கமாக எழுதினாள். 'இதற்கு முன் நான் அனுப்பிய கட்டுரையில் எட்டுநாழி ஏரிக்கரையில் வளர்ந்த ஒரு பெண் இருந்தாள். அவள் தண்ணீருக்குப் பயப்படாதவள், பூநாரைகளை நேசித்தவள், சொன்னபடி தன் ஊருக்குத் திரும்பி வந்தவள். அவள் இறந்துவிட்டாள். ஏரி இருக்கிறது. நான் கணக்குப் படிக்க விரும்புகிறேன்.' தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த செண்பகராஜன் தொண்டையைச் செருமினார்.

"தாத்தாவுக்குச் சர்க்கரைன்னு ஒரு வரி போட்டுரேன்."

போட்டாள். வடக்கே இருக்கும் கணக்குப் பேராசிரியர்கள் அந்த வரியைப் படித்து என்ன நினைத்தார்களோ, நமக்குத் தெரியாது. ஏற்றுக்கொண்டோம் என்று பதில் எழுதினார்கள்.

மறுநாள் காலை படம் காய்ந்திருந்தது. ஏரி இருந்தது. ராஜகனி தெரு முனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கி, பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்து, வாசலில் நின்ற நிறைமதியைக் கட்டிப்பிடித்து, "உன்னய மாதிரியேதான இருப்பா எந் தங்கம்" என்று அழுதாள். பின்னால் தெருவே வந்தது. ஆண்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, நீச்சல் தெரிந்த பிள்ளைகளைத்தான் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது என்று பேசினார்கள். நகராட்சித் தலைவர் மாலையோடு வந்து, யார் கழுத்தில் போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, நாற்காலியின் மேல் வைத்தார். வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வந்தது, அதை நிறைமதிதான் எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். "நீயும் ஒரு வாய் குடி, எவ்வளவு நேரந்தான் பட்டினி கிடப்ப" என்று அவளுக்கும் ஆறுதல் சொன்னார்கள்.

சண்முகவடிவு அழமாட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நடந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் எந்தத் தாளில் பிறந்தவள் என்றும் தெரியும். ஆனால் அவள் சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மற்றவர்கள் அழுது ஓய்ந்தபிறகும் அழுதாள்.

"ஏம்மா இப்படி?" என்று கேட்டாள் நிறைமதி, காப்பித் தட்டோடு. "நாந்தான் இருக்கேன்ல."

"நீ இருக்க" என்றாள் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு. "வீட்டோட இருக்கேன்னு சொன்னது அவதான."

பதினாறாம் நாள் விசேஷத்தில் வடை சாப்பிட்டுவிட்டு நிறைமதி மதுரை பஸ்ஸில் ஏறினாள். ஊர் முழுக்க ஏரிக்கரையில் நின்று பஸ் சுற்றிக்கொண்டு வருகிறதா என்று பார்த்தது. சாயங்காலம் பஸ் வந்தது. கண்டக்டர் மட்டும் இறங்கி, "பாப்பா மதுரை மாட்டுத்தாவணியில எறங்கிருச்சு, அவளுக்கு நீச்சலும் மறந்துபோச்சாம், உங்ககிட்டச் சொல்லச் சொன்னா" என்றார்.

கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாக வைத்து வருஷத்துக்கு ஒரு முறை சேலை படைப்பது எங்கள் பக்கத்து முறை. கரையில் ஒரு செங்கல் மேடை கட்டி, ஓலைப்பெட்டி வைத்து, அதில் பாவாடை, தாவணி, வளையல், பூ எல்லாம் வைத்துக் கும்பிட்டார்கள். வெளிநாட்டில் படிக்கப்போகும் பிள்ளைகள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து அந்தப் பெட்டியின் மேல் வைத்து எடுத்துப்போனால் விசா கிடைக்கும் என்று எப்படியோ ஒரு நம்பிக்கை வந்து, தை மாதத்தில் கூட்டம் தாங்கவில்லை. ஜெயசீலன் மதுரை வேலையை விட்டுவிட்டு, மேடைக்கு எதிரே தேங்காய் பழக் கடை போட்டார். பிள்ளைகள் அவரிடம் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டால், தேங்காய் பழம் மட்டும் விற்பதாகச் சொல்கிறார்.

கன்னி கும்பிடும் நாளில் நிறைமதி தவறாமல் போன் போடுகிறாள்.

"எனக்கு இந்த வருசம் என்ன சேலைம்மா?"

"மயில்கழுத்துக் கலரு. அரக்கு பார்டர்."

"நல்லாருக்குமே. கும்பிட்டு முடிச்சு எனக்கு அனுப்பிரு."

"அவளுக்கு எடுத்தத உனக்கு எப்படி அனுப்ப? உனக்குத் தனியா எடுத்துருக்கேன்" என்றாள் சண்முகவடிவு. "ரெண்டு பிள்ளையப் பெத்தவ ரெண்டு சேலை எடுத்துத்தான ஆகணும்."

போனை வைத்துவிட்டு, சேலையும் பூவும் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். பூநாரைகள் முழங்காலளவு தண்ணீரில் நின்றன. கொடியில் அவள் காலையில் போட்ட துணிகள் காய்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே, அவள் துவைக்காத, அவள் காயப்போடாத ஒரு பாவாடை இன்னும் ஈரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சண்முகவடிவு தட்டைக் கீழே வைத்துவிட்டு, அதை எடுத்துப் பிழிந்து, உதறி, நன்றாக வெயில் படும்படி மறுபக்கம் திருப்பிப் போட்டாள்.